சொற்களை எண்ணியவர்: மைக்கேல் வெஸ்டின் ஆராய்ச்சியும் அதன் பயனும்

தாய்மடியில் ஒரு மொழியைக் கற்பது வேறு. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தபின் கற்பது வேறு. முன்னதற்குக் கணக்கில்லை. குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் அதற்குப் பாடவேளை. வீட்டிலுள்ளார் அனைவரும் ஆசிரியர். தவறு செய்தால் தண்டனையில்லை, சிரிப்பே உண்டு. பின்னதற்கோ வாரத்திற்குச் சில மணி நேரமே கிடைக்கும். அந்தச் சில மணி நேரத்திற்குள் எத்தனைச் சொற்களைக் கொடுக்க முடியும்? அவற்றுள் எவை முதலில், எவை பிறகு? எவற்றைக் கொடாமலே விட்டுவிடலாம்?

இவை சிறு கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் இவற்றைக் கேளாமலேயே ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல்லாண்டுகள் ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கென எழுதிய வாசகங்கள் கப்பலேறி வந்தன. இங்குள்ள பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்தனர். இக்கேள்விகளை எழுப்பி, விடையை எண்ணிக்கையால் தேட முற்பட்டவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் மைக்கேல் வெஸ்ட். அவர் அதனைச் செய்த இடம் ஆக்ஸ்போர்டும் அன்று, இலண்டனும் அன்று. கிழக்கு வங்காளத்து டாக்கா நகரம்.

வெஸ்ட் 1888ஆம் ஆண்டில் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர். 1912இல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்திற்கு வந்தார். அந்நாளைய வெள்ளை அதிகாரிகள் பலருக்கும் கல்வித்துறை என்பது கோப்புகளுக்குக் கையெழுத்திடும் வேலை. வெஸ்டும் கோப்புப் பார்த்தவரே. ஆயினும் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக அமர்ந்த காலத்தில், வகுப்பறையின் பின்பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. அவருடைய ஆராய்ச்சி முழுவதற்கும் அந்தப் பின்பெஞ்சுதான் ஊற்று என்று கூறலாம்.

அவர் கண்ட வங்காளம் எது?

மெட்ரிக்குலேசன் தேர்வும் அதனை அடுத்த கல்கத்தாப் பல்கலைக் கழகமும் மாகாணத்துப் பள்ளிகள் அனைத்தையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. பட்டம் பெற்றால் உத்தியோகம், உத்தியோகத்திற்கு ஆங்கிலம். ஆகவே கீழ்வகுப்பிலிருந்தே பிள்ளை ஆங்கிலத்தோடு போராடினான். இதன் கேட்டை வங்காளிகளே முதலில் உணர்ந்தனர். கவி இரவீந்திரநாத் தாகூர் 1892ஆம் ஆண்டிலேயே கல்வி பற்றிய ஒரு கட்டுரையில், அயல்மொழிச் சுமையால் பிள்ளையின் கற்பனையும் சிந்தனையும் வாடுவதைக் கடிந்து எழுதியிருந்தார். 1917 முதல் 1919 வரை சர் மைக்கேல் சாட்லர் தலைமையில் அமர்ந்த பல்கலைக் கழக ஆணைக்குழுவும் இந்தச் சிக்கலை விரிவாக ஆராய்ந்தது. ஆகவே வெஸ்ட் எவரும் காணாத ஒன்றைக் கண்டார் என்பது மிகை. எல்லாரும் கண்டதை அவர் அளந்தார் என்பதே சரி.

அளந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் மிகப் பலர் பல்கலைக் கழக வாசலைக் காண்பதேயில்லை. இரண்டாண்டோ நான்காண்டோ படித்துவிட்டு வயலுக்கும் கடைக்கும் திரும்பி விடுகின்றனர். ஆனால் பாடத்திட்டமோ பத்தாண்டும் படித்து முடிக்கும் சிலரை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. முதல் நான்காண்டு அடித்தளம்; அடுத்த ஆறாண்டு கட்டடம். நான்காண்டில் நின்றுவிட்டவன் கையில் இருப்பது என்ன? கூரையில்லாத அடித்தளம். அதில் அவன் குடியிருக்க முடியாது.

இதனை விளக்க வெஸ்ட் ஆயுள் காப்புறுதித் தொழிலிலிருந்து ஓர் உவமையை எடுத்தார். காப்புறுதிக்குப் பணம் கட்டி வருகிறவர் இடையில் நிறுத்திவிட்டால், கட்டியதெல்லாம் மண்ணாகப் போவதில்லை. பத்திரத்தை ஒப்படைத்தால் நிறுவனம் ஒரு தொகையைத் திருப்பிக் கொடுக்கும். அதற்கு ஒப்படைப்பு மதிப்பு என்று பெயர். கல்விக்கும் அவ்வாறு ஒரு மதிப்பு இருக்கவேண்டும் என்றார் அவர். பிள்ளை எந்த ஆண்டில் படிப்பை நிறுத்தினாலும், அதுவரை படித்ததற்கு ஈடாக ஏதேனும் ஒரு பயன் அவன் கையில் எஞ்சவேண்டும். எஞ்சாவிட்டால் அப்பாடத்திட்டம் ஏழையிடம் பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றும் காப்புறுதிக்கு ஒப்பாகும்.

இரண்டாம் மொழிக் கல்வி பற்றி நூற்றுக் கணக்கான கோட்பாடுகள் பின்னர்த் தோன்றிவிட்டன. ஆனால் கடைசிப் பெஞ்சிலிருந்து பாதியில் எழுந்து போகிறவனை நடுவில் வைத்துக் கட்டிய கோட்பாடு இதைப் போல் வேறொன்று அரிது. நம் நாட்டுத் தோட்டப் பள்ளிகளின் பழைய கதையை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வாசிப்பே முதல்

நான்காண்டில் நிற்கும் பிள்ளைக்கு எந்தப் பயனைக் கொடுப்பது? பேச்சா, எழுத்தா, வாசிப்பா?

அக்காலத்தில் நேர்முறை என்ற கற்பித்தல் முறை பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தது. வகுப்பில் தாய்மொழியே கூடாது, அயல்மொழியிலேயே பேசவேண்டும், பேசிப் பேசியே மொழி படியவேண்டும் என்பது அதன் சாரம். ஐரோப்பாவில், சிறு வகுப்பில், மொழியில் வல்ல ஆசிரியரிடம் அது நன்கு பயன்பட்டது. வங்காளத்துச் சிற்றூர் ஆசிரியர் நிலை என்ன? அவரே ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர். அவர் முன்னே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். ஒரு பாடவேளையில் ஒவ்வொருவனும் ஒரு வாக்கியம் பேசினாலே மணி அடித்துவிடும். பள்ளிக்கு வெளியே அவன் ஆங்கிலத்தில் பேச ஆளும் இல்லை, தேவையும் இல்லை.

வாசிப்பு அவ்வாறன்று. ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் வாசிக்கலாம். ஆசிரியரின் உச்சரிப்புக் குறையால் அதற்குப் பழுதில்லை. பள்ளியை விட்டபின்னும் புத்தகம் கூட வரும். ஆகவே முதலில் வாசிப்பைக் கற்பி, பிறகு பேச்சைக் கற்பி என்று வெஸ்ட் வாதாடினார். அதிலும் கூட்டமாகக் கூவிப் படிக்கும் வாசிப்பை அவர் ஒப்பவில்லை. வாய் அசையாமல் பொருளைத் தேடும் மௌன வாசிப்பையே வற்புறுத்தினார். அதனைச் சோதனைகளால் அளந்தும் காட்டினார். 1926இல் கல்கத்தாவில் வெளியான 'இருமொழி நிலை' என்ற அறிக்கையில் இவ்வாராய்ச்சி இடம்பெற்றது. அரசாங்க வெளியீடாக வந்த அந்நூல், வங்காளத்தைச் சிறப்பாகக் கருத்திற்கொண்டு எழுதப்பட்டது. அதே ஆண்டில் அயல்மொழி வாசிப்புக் கற்பது பற்றித் தனி நூலொன்றையும் அவர் வெளியிட்டார்.

அந்த அறிக்கையில் இன்னொரு கருத்தும் உண்டு. பெரிய மொழி பேசுவோர் ஒரு மொழியோடு நின்றுவிடலாம்; விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் அவர்கள் மொழியிலேயே கிடைக்கும். அத்தகைய நூல்கள் இன்னும் பெருகாத மொழியைப் பேசுவோர் இரண்டாவது மொழியொன்றை நாடியே தீரவேண்டியிருக்கிறது. இதயத்திற்கு ஒரு மொழி, செய்திக்கு ஒரு மொழி என்ற பிரிவினை இது. அடிமை நாட்டவர் இதனைப் படிக்கும்போது நெருடத்தான் செய்யும். வங்காளியில் விஞ்ஞான நூல் ஏன் குறைவு, அதனைப் பெருக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை அரசாங்க உத்தியோகஸ்தர் எழுப்பவில்லை. எழுப்புவார் என்று எதிர்பார்ப்பதும் இயலாது.

வாசிப்பு முதல் என்று தீர்மானித்தாயிற்று. வாசிக்கப் புத்தகம் எங்கே? இருந்த வாசகங்களை எடுத்து வெஸ்ட் சொற்களை எண்ணத் தொடங்கினார். இரண்டு குறைகள் புலப்பட்டன. ஒன்று, புழக்கத்திலில்லாத பழஞ்சொற்களும் செய்யுட் சொற்களும் எளிய பாடங்களிலேயே நுழைந்திருந்தன; பிள்ளை வாழ்நாளில் மீண்டும் ஒருமுறை சந்திக்கப்போகாத சொல்லுக்கு அவன் நினைவில் இடம் ஒதுக்க நேர்ந்தது. மற்றொன்று, புதுச் சொற்கள் ஒரே பக்கத்தில் கும்பலாக வந்து விழுந்தன. வந்தவை திரும்ப வரவும் இல்லை. ஒரு முறை கண்டு மறந்துபோன விருந்தாளியைப் போல அவை பிள்ளையைக் கடந்து சென்றன.

ஆகவே இரண்டு விதிகளை வகுத்தார்: சொல்லைத் தேர்ந்தெடு, தேர்ந்ததைப் பரவலாகத் தூவு. தெரிந்த சொற்களுக்கு நடுவே ஒரு புதுச் சொல் வரவேண்டும். வந்த சொல் அடுத்தடுத்த பக்கங்களில் மீண்டும் மீண்டும் முகங்காட்ட வேண்டும். இந்த விதிகளின்படி அவர் எழுதிய 'நியூ மெத்தட்' வாசகங்களை லாங்மன்ஸ் நிறுவனத்தார் வெளியிட்டனர். பேர்பெற்ற ஆங்கிலக் கதைகளைக் குறைந்த சொற்களுக்குள் அடக்கித் திரும்ப எழுதும் வழக்கமும் இதனோடு வளர்ந்தது. இன்று எந்தப் புத்தகக் கடையிலும் படிநிலை வாரியாக அடுக்கியிருக்கும் எளிமையாக்கப்பட்ட கதைநூல்கள் அந்த மரபில் வந்தவையே.

நம் முன்னோரும் சொற்களைத் திரட்டிக் கொடுத்தவர்களே. திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டை ஒப்பிக்காத மாணவன் இல்லை. ஆனால் நிகண்டின் நோக்கம் வேறு. மண்டலபுருடர் தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வகையால் தொகுத்தார்; தமிழை வீட்டில் பேசி வந்த பிள்ளைக்குச் செய்யுள் வாசலைத் திறக்கும் சாவி அது. பேசவே தெரியாதவனுக்கு எது முதற்சொல் என்பது நிகண்டு ஆசிரியர் முன் வந்து நின்ற கேள்வி அன்று.

ஒரு சொல் என்பது எது?

எண்ணிக்கை வேலையில் வெஸ்ட் தனியாள் அல்லர். அமெரிக்காவில் எட்வர்டு தார்ன்டைக் என்ற உளநூற் பேராசிரியர் 1921இல், மிகுதியாக வழங்கும் 10,000 ஆங்கிலச் சொற்களின் பட்டியலை ஆசிரியர்களுக்கென வெளியிட்டிருந்தார். பின்னர் அதனை 20,000ஆகவும், 1944இல் இர்விங் லார்ஜுடன் சேர்ந்து 30,000ஆகவும் பெருக்கினார். சப்பானில் ஹெரால்டு பாமர் 1922 முதல் தங்கியிருந்து, டோக்கியோவில் ஆங்கிலக் கல்விக்கென ஓர் ஆராய்ச்சிக் கழகத்தை நடத்தி வந்தார். பாமர் பேச்சை முதலில் வைத்தவர், வெஸ்ட் வாசிப்பை. இருவரும் பட்டியல் போடுவதில் வந்து சேர்ந்தனர்.

கணிப்பொறி இல்லாத காலம். நாற்பது இலட்சம், ஐம்பது இலட்சம் சொற்களைக் கையால் எண்ணினர் என்றால் இன்றைய இளைஞர் நம்பமாட்டார். எண்ணுவது வெறும் பொறுமையின் வேலை என்றும் எண்ணிவிடக் கூடாது. எதனை ஒரு சொல் என்று கொள்வது? ஓடு, ஓடினான், ஓடுகிறான், ஓட்டம் ஆகியவை ஒரு சொல்லா, நான்கா? வெஸ்ட் பணியிலிருந்து ஓய்வுபெற்றுக் கனடாவின் டொராண்டோ நகரில் ஆராய்ச்சி செய்த நாளில், எலைன் சுவென்சன் என்பவருடன் சேர்ந்து இக்கேள்வியையே தனி நூலாக எழுதினார். பாடநூலில் புதுச் சொற்களை எண்ணும் முறை பற்றிய அச்சிறு நூல் 1934இல் வந்தது. கற்பவனுக்குப் புதிய முயற்சி தேவைப்பட்டால் அது புதிய சொல் என்பதே அவர்கள் நோக்கு. அகராதிக்காரர் பார்வையும் கற்பவன் பார்வையும் வெவ்வேறு என்பதை அது தெளிவாக்கியது.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஒரு வினையடியிலிருந்து கிளைக்கும் வடிவங்களை எண்ணத் தொடங்கினால் பட்டியலுக்கு முடிவே இராது. அடியை மட்டும் எண்ணினால் பிள்ளை படும் பாடு கணக்கில் வராது. பொருளின் பன்மையும் அவ்வாறே. 'படி' என்னும் ஒன்றே வாசிப்பதையும், ஏறும் கல்லையும், அளக்கும் கருவியையும், உத்தியோகஸ்தருக்குக் கொடுக்கும் உதவித் தொகையையும், நகலையும் குறிக்கிறது. இதனை ஒரு சொல் என்று கணக்கெழுதிவிட்டுப் பிள்ளைக்கு ஒன்றைத்தான் கற்பித்தோம் என்று மகிழ்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

இந்த நுட்பமே வெஸ்டை ஒரு பெரும் சச்சரவில் இழுத்துவிட்டது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சி. கே. ஆக்டன் 1930இல் 'பேசிக் இங்கிலீஷ்' என்ற அடிப்படை ஆங்கிலத்தை உலகுக்கு அளித்திருந்தார். 850 சொற்கள் போதும். அவற்றுள் வினைச்சொற்கள் 18 மட்டுமே. இவற்றைக்கொண்டு எதனையும் சொல்லிவிடலாம் என்றார். உலகம் வியந்தது. பின்னர் 1943இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பேசிய சர்ச்சில் பிரபுவே இதனைப் புகழ்ந்தார். (அவர் அப்போது பிரபு அல்லர், பின்னரும் பிரபுப் பட்டம் ஏற்கவில்லை என்று திருத்துவோர் திருத்துக, நம்மவர் நாவில் அது ஒட்டிக்கொண்டது.) வெஸ்ட் வியக்கவில்லை. 850 என்பது கண்கட்டு என்றார். வினைகளை ஒதுக்கிவிட்டு, 'வா, போ, எடு, வை' போன்ற சிலவற்றோடு சிறு இடைச்சொற்களைக் கூட்டிப் பொருள் பண்ணும்போது, ஒவ்வொரு கூட்டும் கற்பவனுக்கு ஒரு புதுச் சொல்லே. சொல்லின் எண்ணிக்கை குறைந்தது. கற்கும் சுமை குறையவில்லை. 1934இல் டொராண்டோவிலிருந்து வெளியான விமரிசனம் இதனை எண்களால் எடுத்துக்காட்டியது. ஆக்டன் தரப்பினர் கடுங்கோபம் கொண்டனர். இன்று நின்று பார்க்கையில் வெஸ்டின் வாதமே வலுவுடையது என்று தோன்றுகிறது. அடிப்படை ஆங்கிலம் ஒரு புதுமைப் பொருளாகச் சரித்திரத்தில் ஒதுங்கிவிட்டது.

அதே 1934ஆம் ஆண்டு அக்டோபரில், கார்னகி அறநிதியின் ஆதரவில் நியூயார்க்கில் ஒரு மாநாடு கூடியது. வெஸ்ட், பாமர், தார்ன்டைக், சீனாவில் ஆங்கிலப் பாடநூல் எழுதிய லாரன்ஸ் பாசெட் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்தனர். சொற்றேர்வு பற்றிய அவர்களுடைய இடைக்கால அறிக்கை 1936இல் வெளிவந்தது. பிறகு போர் மூண்டது. அறிக்கையைத் திருத்தி, ஒவ்வொரு சொல்லின் ஒவ்வொரு பொருளும் எத்தனை விழுக்காடு வழங்குகிறது என்ற கணக்கையும் சேர்த்து, வெஸ்ட் 1953இல் 'பொதுப் பயன் சொற்பட்டியல்' என்ற பெயரில் வெளியிட்டார். சுமார் 2,000 தலைச்சொற்கள். பொருட்கணக்கிற்கு அடிப்படை, லார்ஜும் தார்ன்டைக்கும் ஐம்பது இலட்சம் சொற்களை வைத்து நடத்திய எண்ணிக்கை.

எண்ணிக்கை ஒன்றே இப்பட்டியலை ஆளவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரு சொல் கற்க எளிதா, அதனைவிட்டால் வேறு சொல்லால் அக்கருத்தைச் சொல்ல முடியுமா, அது கொச்சையா, உணர்ச்சியை மட்டும் கூட்டுவதா என்றெல்லாம் எடைபோட்டனர். அடிக்கடி வழங்குவதாயினும் வேறு சொல் அதன் இடத்தை நிரப்புமாயின் வெளியே நிறுத்தினர். அரிதாயினும் மாற்றில்லை என்றால் உள்ளே விட்டனர். இயந்திரம் செய்ய முடியாத வேலை இது. ஆசிரியரின் அனுபவம் இங்கே பேசுகிறது.

விளைந்தவை

ஓர் ஆராய்ச்சியின் வலிமையை எதனால் அறிவது? மேற்கோள் காட்டுவோர் தொகையால் என்பார் இக்காலப் பல்கலைக் கழகத்தார். ஆசிரியரின் பெயரே தெரியாதவர்களும் அவருடைய கருவியைக் கையாள்கிறார்களா என்று பார்ப்பது அதனினும் நல்ல அளவு.

அகராதியை எடுத்துக்கொள்வோம். 1935இல் வெஸ்ட், எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து ஓர் ஆங்கில அகராதி வெளியிட்டார். 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் பொருள் கூற அவர் எடுத்துக்கொண்ட சொற்கள் 1,490 மட்டுமே. அதற்குமுன் அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடினால், பொருளுக்குப் பொருள் தேட வேண்டிவரும். கிணற்றில் விழுந்தவன் கயிற்றைத் தேடி இன்னொரு கிணற்றில் இறங்குவதுபோல. அந்தச் சங்கடத்தை வெஸ்ட் நீக்கினார். 1978இல் வெளியான லாங்மன் சமகால ஆங்கில அகராதி, பொதுப் பயன் பட்டியலை அடியொற்றிச் சுமார் 2,000 சொற்களுக்குள் எல்லாவற்றையும் விளக்கியது. வரையறுத்த சொற்களால் பொருள் கூறுவது பின்னர்க் கற்போர் அகராதிகளுக்குப் பொது மரபாகிவிட்டது. இன்று சிங்கப்பூர் மாணவி ஒருத்தி கைப்பேசியில் ஆங்கிலச் சொல்லைத் தட்டி எளிய விளக்கம் பெறும்போது, டாக்காவில் தொடங்கிய வேலையின் பலனை நுகர்கிறாள்.

வாசிப்பு விகிதம் அடுத்தது. ஐம்பது சொற்களுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாத சொல் வந்தால் வாசகன் தடுமாறுவான் என்று வெஸ்ட் 1955இல் எழுதினார். அது அனுபவத்தால் அறிந்த கணக்கு. 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் பால் நேஷனும் மார்செல்லா ஹூவும் கதைப் பகுதியொன்றில் தெரியாத சொற்களின் அளவை மாற்றி மாற்றிச் சோதித்தனர். துணையின்றி இன்பமாக வாசிக்க ஒருவனுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொல் தெரிந்திருக்கவேண்டும் என்று முடிவு கண்டனர். நூற்றுக்கு இரண்டு என்பதும் ஐம்பதுக்கு ஒன்று என்பதும் ஒன்றே அல்லவா? அதே 2000ஆம் ஆண்டில் அதே வெல்லிங்டனைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட், பல்கலைக் கழக மாணவர்க்கென 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். வெஸ்டின் 2,000 சொற்களையும் மாணவர் முன்பே அறிவர் என்று வைத்துக்கொண்டு, அதற்குமேல் எடுத்த மாடி அது.

எளிய புத்தகங்களை நிறையக் கொடுத்தால் இரண்டாம் மொழி வளருமா என்ற கேள்விக்குத் தெளிவான விடை பீஜித் தீவிலிருந்து வந்தது. வார்விக் எல்லியும், பீஜியைச் சேர்ந்த பிரான்சிஸ் மங்குபாயும் நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆராய்ந்து 1983இல் முடிவுகளை வெளியிட்டனர். எட்டுப் பள்ளிகளுக்கு 250 கதைப் புத்தகங்கள் வீதம் கொடுக்கப்பட்டன. மற்றப் பள்ளிகளில் வழக்கமான பாடம் தொடர்ந்தது. புத்தகம் பெற்ற பிள்ளைகள் வாசிப்பிலும் கேட்டறிவதிலும் மற்றவர்களைவிட விரைந்து முன்னேறினர். அப்பிள்ளைகளுள் பீஜியரும் உண்டு, கரும்புத் தோட்டத்திற்குச் சென்ற இந்தியர் வழிவந்தோரும் உண்டு. அந்த அலை நம் கரைக்கும் வந்தது. 1985இல் சிங்கப்பூர்த் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய ஆங்கில வாசிப்புத் திட்டம், கதைப் புத்தகத்தைப் பாடத்தின் நடுவில் வைத்தது. பீஜிப் பிள்ளைகள் வெஸ்டைக் கேள்விப்பட்டிருக்கப் போவதில்லை. வாசிப்பு ஏழைப் பள்ளியின் நண்பன் என்று அவர் வைத்த பந்தயத்தை வென்று கொடுத்தவர்கள் அவர்களே.

குறை கூறுவோரும் உளர், கூறுவது நியாயமே. பட்டியலின் எண்ணிக்கை எழுத்து மொழியிலிருந்து வந்தது. பேச்சு அதில் ஒலிக்கவில்லை. ஏரும் தந்தியும் அதில் உண்டு, கணினி இல்லை. பேச்சைப் பின்னுக்குத் தள்ளியதால் வாய் திறவாத பட்டதாரிகள் பெருகுவர் என்ற கண்டனமும் எழுந்தது. ஆழமான குற்றச்சாட்டு வேறு. ஆங்கிலக் கல்வித் தொழிலையே ஏகாதிபத்தியத்தின் நீட்சி என்று ராபர்ட் பிலிப்சன் 1992இல் விரிவாக எழுதினார். அந்தக் கண்ணாடி வழியே பார்த்தால், வெஸ்ட் ஆங்கிலத்தின் பிடியை எளிதாக்கிக் கொடுத்தவர். அவருடைய வாசகங்கள் இலண்டன் நிறுவனத்திற்குச் சந்தை திறந்தவை. மறுப்பதற்கில்லை. எனினும் கசப்பு மருந்தை எவ்வளவு கசக்கச் செய்யலாம் என்று இருந்த ஒரு பள்ளிமுறைக்குள், பாதியில் போகிறவனுக்கும் ஏதேனும் கொடு என்று சொன்ன அதிகாரியையும், அந்தக் கவலையே இல்லாத அதிகாரியையும் ஒரே தராசுத் தட்டில் வைப்பது எவ்வாறு பொருந்தும்?

இங்கே நம் வீட்டுக்குள்ளும் ஒரு பார்வை செலுத்தத் தோன்றுகிறது. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, சிங்கப்பூர் இந்தியர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் பெரிதும் பேசுவது ஆங்கிலமே. டாக்காப் பிள்ளைக்கு ஆங்கிலம் எப்படியோ, அப்படித்தான் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் ஆகிவருகிறது. வாரத்திற்குச் சில மணி நேரம். மணி அடித்தபின் பேச ஆளில்லை. அப்பிள்ளை கையில் நாம் கொடுக்கும் கதைப் புத்தகத்தின் முதற்பக்கத்தை எடுத்து, ஐம்பது சொல்லுக்கு எத்தனை புதிது என்று பெற்றோர் எவரும் எண்ணிப் பார்க்கலாம். பென்சில் ஒன்று போதும். உயர்ந்த நடையைக் குறைப்பதா என்று சினப்போர் இருப்பர். ஆங்கிலத்தில் உயர்ந்த நடை அழிந்துவிடவில்லை. அதற்கு ஏறிச்செல்லப் படிக்கட்டு ஒன்று கட்டப்பட்டது, அவ்வளவே.

வெஸ்ட் முதுமையிலும் அந்த நெரிசலான வகுப்பை மறக்கவில்லை. 1960இல் 'கடினமான சூழ்நிலையில் ஆங்கிலம் கற்பித்தல்' என்ற நூலை எழுதினார். பெரிய வகுப்பு, வெப்பமான ஊர், இடமின்றி நெருங்கிய பெஞ்சுகள், பல தரத்துப் பிள்ளைகள், மொழியில் தாமே தடுமாறும் ஆசிரியர். இவற்றை விதிவிலக்காகக் கருதாமல், இவையே உலகின் பெரும்பாலான வகுப்புகளின் இயல்பு என்று கொண்டு வழி சொன்ன நூல் அது. 1973இல் அவர் மறைந்தார். நெடுங்காலம் அந்நூல் அலமாரியில் உறங்கியது. வார்விக் பல்கலைக் கழகத்து ரிச்சர்டு சுமித், ஆங்கிலக் கல்வி முன்னோடிகளின் எழுத்துகளை 2003இல் தொகுத்து வெளியிட்டபோது வெஸ்டுக்குத் தனித் தொகுதி ஒதுக்கினார். நம் தாத்தாமார் இலக்கணப் புத்தகத்தின் அட்டையில் கண்ட ரென் என்பவரும் அவ்வரிசையில் ஒருவர். வசதி குறைந்த வகுப்பறைகளைப் பற்றிய ஆராய்ச்சி இப்போது மீண்டும் தழைக்கிறது. அதில் ஈடுபட்டோர் வெஸ்டின் அந்தத் தலைப்பையே தங்கள் பெயர்ப்பலகையாகக் கொண்டனர்.

பட்டியலின் அறுபதாம் ஆண்டான 2013இல் அதற்கு இரண்டு வாரிசுகள் ஒரே சமயத்தில் தோன்றின. சப்பானில் பணிபுரிந்த சார்ல்ஸ் பிரவுனும் தோழர்களும் 27 கோடியே 30 இலட்சம் சொற்கள் கொண்ட தொகுதியிலிருந்து ஒன்றை எடுத்தனர். இங்கிலாந்தின் லங்காஸ்டரில் வாக்லாவ் பிரெசினாவும் டானா கப்லசோவாவும் 1,200 கோடிக்கு மேற்பட்ட சொற்களைக் கணினியால் சலித்து, 2,494 சொற்கள் கொண்ட மற்றொன்றை வெளியிட்டனர். பின்னவர் வெஸ்டின் எடைபோடும் முறையைக் கைவிட்டு, எண்ணிக்கையையும் பரவலையும் மட்டுமே நம்பினர். முன்னவரோ எண்ணிக்கையோடு அனுபவத்தின் கையையும் சற்றுக் கலந்தனர். இரண்டனுள் எது வகுப்பறைக்கு உகந்தது என்ற வழக்கை ஆசிரியர்கள் இன்னும் தீர்க்கவில்லை.